தம் அடித்தவனைத் தம் கட்டி ஊத விட்டார்கள்: இரண்டு இடத்தில் செய்த நுரையீரல் டெஸ்ட்

ரேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதைத் தேடித்தான் வந்திருப்பீர்கள். முதல் இடம், வாசலில் ‘ஸ்மோக்கர்ஸ் லங் பேக்கேஜ்’ என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்த லேப், 1,799 ரூபாய். இரண்டாவது இடம் ஒரு நெஞ்சக டாக்டரின் கிளினிக், ஃபீஸ் 400, ஊதும் டெஸ்ட் 900, ஆக 1,300. முதலாவதுக்கு ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார், இரண்டாவதுக்கு நாலு. இரண்டும் மதுரையில்தான். பெயர் போடவில்லை. போட்டால் லேப்காரர் சண்டைக்கு வருவார், டாக்டரிடம் கூட்டம் கூடி அடுத்த முறை எனக்கே டோக்கன் கிடைக்காது.

எனக்கு 46 வயது. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஆரம்பித்த தம், 25 வருஷம், ஒரு நாளைக்கு சராசரியாக 12. நான் நோயாளி இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் இருமி ஒரு வாய் சளியைத் துப்பினால் அப்புறம் நாள் முழுக்கச் சுத்தம், இது பல் தேய்ப்பது போல ஒரு காலை வேலை, அவ்வளவுதான். தம் அடிக்கிறவனுக்கு இருமல் இல்லாமலா? ஆனால் போன வருஷம் ரயில்வே ஸ்டேஷனில் நடைமேம்பாலத்தில் ஏறும்போது, என்னைவிட எட்டு வயது மூத்த பங்காளி பேசிக்கொண்டே ஏறினார், நான் பதில் சொல்லாமல் ஏறினேன். கோபமாக இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். உண்மையில் பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லை.

சரி, லேப்புக்கு வருகிறேன்.

பேக்கேஜில் ஆறு அயிட்டம். எக்ஸ்ரே, ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இ.எஸ்.ஆர்., விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், இ.சி.ஜி., கடைசியாக ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதும் டெஸ்ட். ஏசி ஹால், டோக்கன், வாசலில் செக்யூரிட்டி சல்யூட், எல்லாம் ஜோர். படிவத்தில் ‘ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்’ என்று கேட்டிருந்தார்கள், நான் ஒன்று என்று எழுதினேன். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். வருவதற்கு முன் டீக்கடையில் ஒன்று இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஊதும் டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலாவது புகைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்தீர்களா, மாரடைப்பு வந்ததா, சளியில் ரத்தம் வந்ததா என்றும் கேட்கவில்லை. இதெல்லாம் ஊத விடும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது, ஏனென்றால் முழு வேகத்தில் ஊதும்போது கண்ணிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் அழுத்தம் ஏறும்.

ஊதும் டெஸ்ட்டை எடுத்தது ஒரு சின்னப் பையன். பாவம், அவனே இரத்தமும் எடுக்கிறான், இ.சி.ஜி.யும் ஒட்டுகிறான், போனுக்கும் பதில் சொல்கிறான். நின்றபடியே ஊதச் சொன்னான். மூக்குக்குக் கிளிப் இல்லை. “சார், நல்லா இழுத்து ஊதுங்க.” ஊதினேன். “ஓகே சார், வந்துருச்சு.” இரண்டு முறை, மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் வாட்ஸப்பில் ரிப்போர்ட். எக்ஸ்ரே நார்மல், ஆக்சிஜன் 98, ஸ்பைரோமெட்ரியில் அடைப்பு எதுவும் இல்லை, ‘லேசான சுருக்கம் இருக்கலாம்’, அதாவது நுரையீரல் பிடிக்கும் காற்றே கொஞ்சம் குறைவு என்று, மெஷினே அடித்த ஒரு வரி. கடையை அடைத்துவிட்டு அந்தச் சந்தோஷத்தில் இரண்டு சிகரெட் பிடித்தேன், பொய் சொல்லவில்லை. தப்பான டெஸ்ட் செய்யும் கெடுதல் இதுதான். டெஸ்ட்டே எடுக்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் பயமாவது மிஞ்சியிருக்கும்.

மாட்டிக்கொண்டது எப்படி என்றால், தங்கச்சி மகள் பிசியோதெரபி படிக்கிறாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் எண்களைப் பார்க்கவே இல்லை, நேராக அந்த வளைகோட்டுக்குப் போனாள். “மாமா, ரெண்டு செகண்ட்லயே ஊதுறத நிறுத்திட்டீங்க. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், இந்த ரிவ்யூவில் உருப்படியான பகுதி இதுதான். மெஷின் இரண்டு விஷயம் அளக்கிறது. மூச்சை முழுக்க இழுத்து, முழு வேகத்தில் ஊதி, காலியாகும் வரை ஊதினால் மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பது ஒன்று, அது எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு செகண்டில் மட்டும் எவ்வளவு வந்தது என்பது இன்னொன்று, அது எஃப்.இ.வி.1. மூச்சுக்குழாய்கள் திறந்திருந்தால் பெரும்பகுதி முதல் செகண்டிலேயே வந்துவிடும். புகையால் சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கி, சிதைந்து போயிருந்தால் காற்று மெதுவாகத்தான் கசியும். ஆகவே இரண்டாவதை முதலாவதால் வகுக்க வேண்டும். குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. அதைத்தான் சிஓபிடி என்கிறார்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

இப்போது என் லேப் ரிப்போர்ட்டைப் பாருங்கள். மொத்தம் 2.61 லிட்டர், முதல் செகண்டில் 2.08, விகிதம் 0.80. அருமை. ஆனால் நான் இரண்டு செகண்டில் நிறுத்திவிட்டதால் மெதுவாக வர வேண்டிய காற்று வெளியே வரவே இல்லை, மொத்தம் குறைந்துபோனது, மொத்தம் குறைந்ததால் விகிதம் நன்றாகத் தெரிந்தது. அதாவது அடைப்பு எவ்வளவுக்கு இருக்கிறதோ, அரைகுறையாக ஊதினால் அவ்வளவுக்கு மறைந்துகொள்ளும். மெஷின் என்ன செய்யும், கொடுத்த காற்றைத்தான் அளக்கும்.

மற்ற அயிட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே இந்த நோயின் ஆரம்பத்தில் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும், வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது உதவும். ஆக்சிஜன் மீட்டர் கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அது ஆரம்பத்தில் 98 காட்டும், நோய் நன்றாக முற்றிய பிறகுதான் இறங்கும். கெடுவது முதலில் இரண்டு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்கள், அவை எண்ணிக்கையில் அவ்வளவு அதிகம் என்பதால் நிறையப் போன பிறகும் உடம்புக்குத் தெரியாது. ஆக 1,799 ரூபாய் பேக்கேஜில் என் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியது ஒரே ஒரு அயிட்டம், அதைத்தான் ஒரு நிமிஷத்தில் முடித்தார்கள்.

அடுத்தது கிளினிக். இங்கேதான் அந்த ஒரு ஸ்டாரைப் பிடித்துக்கொண்டேன்: நெஞ்சு டாக்டர், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை! படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே படிக்கட்டை ஒட்டியே டீக்கடை, அதில் தொங்குகிறது சிகரெட் லைட்டர். உள்ளே போனால் பத்து நாற்காலிக்கு முப்பது பேர், எனக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறார்கள், ஆனால் அது எதற்கு என்று தெரியவில்லை. படியேறியதைப் பற்றி டாக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டேன், “எத்தனை தடவ நின்னீங்க?” என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

ஆனால் ஊதும் அறை! அங்கே இருந்த அம்மா ஒருவருக்கே மூன்று ஸ்டார் போகும். போனதும் உயரம், எடை. செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்தார், ஏனென்றால் உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்பது வயது, உயரம், ஆண் பெண் என்பதை வைத்துத்தான் கணக்கு. மேசையில் ஒரு பெரிய சிரிஞ்ச், மாட்டுக்கு ஊசி போடும் அளவைவிடப் பெரிது. என்ன என்று கேட்டேன். சரியாக 3 லிட்டர் காற்றைத் தள்ளும் சிரிஞ்ச், தினமும் காலையில் அதை வைத்து மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்களாம். லேப்பில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. நீங்கள் எங்கே போனாலும் அந்தச் சிரிஞ்ச் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், மற்ற அலங்காரம் எல்லாம் அப்புறம்.

உட்கார வைத்தார். கண் ஆபரேஷன், மாரடைப்பு, குடலிறக்கம், டிபி, எல்லாவற்றையும் கேட்டார். பெல்ட்டைத் தளர்த்தச் சொன்னார். புது ஃபில்டரை என் கண் முன்னால் பிரித்து மாட்டினார். மூக்கில் கிளிப். அவரே ஒருமுறை வெறும் வாயில் செய்து காட்டினார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள், சாந்தமாக இருந்த அம்மா ஜல்லிக்கட்டு வர்ணனையாளர் மாதிரி ஆகிவிட்டார்: “இழுங்க இழுங்க இழுங்க, முழுசா, ஆங், ஊதுங்க! விடாதீங்கண்ணே, இன்னும், இன்னும், இன்னும், வயித்த உள்ள தள்ளுங்க, இன்னும் இருக்கு, இன்னும்!” எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியபோது ஸ்கிரீனில் மூன்று செகண்டுதான். ஆறாவது செகண்டைத் தாண்ட வைத்தார். கண்ணில் பூச்சி பறந்தது. வாழ்க்கை முழுக்கத் தம் அடித்தவன், தம் கட்டி ஆறு செகண்ட் ஊதத் திணறுகிறேன்.

முதல் இரண்டு முறை ஊதியதைத் தள்ளிவிட்டார், ஒன்றில் இருமிவிட்டேன், இன்னொன்றில் ஆரம்பத்திலேயே தயங்கிவிட்டேன். மொத்தம் ஐந்து முறை. மூன்று நல்ல ஊதல் வேண்டும், அதில் சிறந்த இரண்டுக்கும் நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, அதுதான் விதியாம். அப்புறம் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை வைத்து, குழாயை விரிக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை நாலு தடவை இழுக்க விட்டு, கால் மணி நேரம் வெளியே உட்கார வைத்து, மறுபடி மூன்று ஊதல். இந்தப் பாதியை லேப் செய்யவே இல்லை. மருந்துக்குப் பிறகு மூச்சு நன்றாகத் திறந்துவிட்டால் ஆஸ்துமாப் பக்கம் சந்தேகம் போகும், திறக்காமல் அப்படியே நின்றால் சிஓபிடி பக்கம். மருந்துக்குப் பிறகு ஊதாத டெஸ்ட்டை வைத்து யாராவது உங்களுக்கு சிஓபிடி என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ரிப்போர்ட்: மருந்துக்கு முன் மொத்தம் 3.42 லிட்டர், முதல் செகண்டில் 2.21. மருந்துக்குப் பின் 3.48, 2.30. விகிதம் 0.66. என் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் செகண்டில் வர வேண்டியதில் 81 சதவீதம் வருகிறது. அதாவது நோய் இருக்கிறது, முதல் படியில் இருக்கிறது. ஓரத்தில் ‘நுரையீரல் வயது 66’ என்று வேறு போட்டிருந்தது.

அந்த 66-ஐப் பார்த்ததும் மற்ற எண்கள் எல்லாம் மறந்துபோயின. டாக்டர் சிரித்தார், அது ஒரு தோராயமான கணக்கு, பயமுறுத்தத்தான் என்றார். பயமுறுத்துவது வேலை செய்கிறது என்பதையும் பிறகு படித்தேன். இங்கிலாந்தில் ஹார்ட்ஃபர்ட்ஷைரில் 35 வயதுக்கு மேற்பட்ட 561 புகைபிடிப்பவர்களை ஊதவிட்டு, பாதிப் பேருக்கு இப்படி நுரையீரல் வயதாகவும் மீதிப் பேருக்கு வெறும் லிட்டர் கணக்காகவும் சொன்னார்களாம். ஒரு வருஷம் கழித்து வயது கேட்டவர்களில் 13.6 சதவீதமும், லிட்டர் கேட்டவர்களில் 6.4 சதவீதமும் நிறுத்தியிருந்தார்கள். 2008-ல் வெளிவந்த ஆய்வு. லிட்டர் யாருக்குப் புரிகிறது?

டாக்டர் மொத்தம் பத்து நிமிஷம் பேசினார், வெளியே இருந்த கூட்டத்துக்கு அது தாராளம். பாக்கெட் குழப்பத்தைச் சரிசெய்தார்: அவர்கள் கணக்கில் ஒரு பாக்கெட் என்றால் 20 சிகரெட், நம் ஊரில் நாம் வாங்குவது 10. தினமும் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருஷம் பிடித்தால் அது ஒரு ‘பேக் இயர்’. ஒரு நாளைக்கு 12 வீதம் 25 வருஷம் என்றால் 15 ‘பேக் இயர்’, நான் லேப்பில் எழுதிய கணக்குப்படி 25. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கு முன்கூட்டியே குறைந்த கதிர்வீச்சில் சி.டி. எடுக்கலாமா என்று முடிவெடுக்க அமெரிக்காவில் 50 வயதும் 20 பேக் இயரும் தாண்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், நான் இரண்டிலும் இல்லை, அதனால் இப்போது வேண்டாம் என்றார். லேப் போனில் அதற்கும் ஒரு ஆஃபர் சொல்லிக்கொண்டிருந்தது. பீடிக்கு இந்தக் கணக்கு இன்னும் குழப்பம், சின்னது என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போவது குறைவில்லை.

“எங்க தாத்தா 82 வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு” என்று நானும் கேட்டேன், எல்லோரும் கேட்கும் கேள்வி. உண்மைதான், புகைக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை, ஆனால் நீங்கள் அந்தக் கட்சியில் இல்லை என்று இந்தப் பேப்பர் சொல்கிறது என்றார். அப்புறம் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டார், ஒன்று செங்குத்தாக இறங்குகிறது, இன்னொன்று நடுவில் முறிந்து மெதுவாக இறங்குகிறது. “போனது போனதுதான். இனிமே போற வேகத்த மாத்தலாம்.” அந்தப் படம் 1977-ல் லண்டனில் ஃபிளெட்சர், பீட்டோ என்ற இருவர் போட்டதாம். பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் என்னைப் போல லேசான அடைப்பு உள்ள 5,887 புகைபிடிப்பவர்களைச் சேர்த்துத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பதினோரு வருஷ முடிவில், விடாமல் பிடித்த ஆண்களுக்கு முதல் செகண்டில் வரும் காற்று வருஷத்துக்கு 66 மில்லி குறைந்தது, நிறுத்தியவர்களுக்கு 30 மில்லி. வித்தியாசம் 36 மில்லி, கேட்க ஒன்றுமே இல்லை, ஒரு வாய் டீ. நானே கணக்குப் போட்டேன், 20 வருஷத்துக்கு 720 மில்லி. என்னிடம் இருப்பதே 2,300.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி ஊத விட வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த லேப்பின் ஃபிளெக்ஸில் ‘புகைபிடிக்கும் அனைவரும்’ என்று போட்டிருப்பது வியாபாரம். ஆனால் தொந்தரவே இல்லாத 40 வயது தம் பார்ட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. காலைச் சளியைத் தொந்தரவு என்று நாம் எண்ணுவதில்லை, மாடிக்குப் பதில் லிஃப்ட்டுக்கு நிற்பதை வசதி என்கிறோம், மழைக்காலத்தில் வரும் சளி மூன்று வாரம் நிற்பதை மழை மேல் போடுகிறோம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஊதிப் பார்க்க அது போதும். புகையே பிடிக்காமல் வருஷக்கணக்கில் விறகடுப்பில் சமைத்த அம்மாக்களுக்கும் இது பொருந்தும், கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்படி ஒருவர்தான்.

கடைகளில் இதற்கென்று விற்கும் பொருட்களில் ஏமாறாதீர்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் பெட்டி மூச்சுப் பயிற்சிக்கு, அதில் இழுக்க வேண்டும், ஊத அல்ல, பந்து மேலே போனால் நுரையீரல் சுத்தம் என்று அர்த்தமில்லை. குழாய் மாதிரி இருக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஆஸ்துமாக்காரர்களுக்கு நல்ல பொருள், இந்த நோயைக் கண்டுபிடிக்க அது போதாது. மூச்சைப் பத்து செகண்ட் அடக்கிப் பாருங்கள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனக்கே நாற்பது வருகிறது.

எனக்கு என்ன கொடுத்தார்கள்: மூச்சு வாங்கினால் மட்டும் எடுக்க ஒரு இன்ஹேலர், ஃப்ளூ தடுப்பூசி, 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம். அதை பபுள்கம் மாதிரி மென்றால் விக்கல் வரும், இரண்டு மெல்லு மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும், வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிகரெட் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் குறித்துக் கொடுத்தார். நிறுத்தி ஐந்து மாதம், நடுவில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு.

போகிறவர்களுக்கு: காலையில் போங்கள், மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று முன்னாலேயே போனில் கேளுங்கள். பணம் இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் நெஞ்சகப் பிரிவில் கேட்டுப் பாருங்கள், ஊதும் டெஸ்ட் அங்கேயும் உண்டு. கிளினிக்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் டாக்டர் இருப்பார், ஆனால் அந்த அம்மா கிளம்பிவிடுவார். அவர் இல்லையென்றால் மறுநாள் வாருங்கள்.